மினி டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகினால்: இடத்தைப் பிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

சேற்றுழவு ஓடும்போது ஆயில் கசிவு கண்ணில் படாது. சொட்டுவதெல்லாம் வயல் தண்ணீரில் போய்விடும், ஒட்டியதைச் சேறு மூடிவிடும். வண்டியைக் களத்தில் நிறுத்தி மறுநாள் காலையில் எடுக்கும்போதுதான் அடியில் தட்டு அகலத்துக்குக் கறை தெரியும். "ஒரு லிட்டர் ஊத்திட்டு ஓட்டு, நடவு முடியட்டும்" என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் 180 மில்லி, எட்டு மணி நேர உழவில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் போய்விடும்.

காவிரி டெல்டாவில் அதைவிடப் பெரிய கவலை வேறு. ஆயில் வெளியே வரும் வழிதான் தண்ணீர் உள்ளே போகும் வழியும். முழங்கால் சேற்றில் ரொட்டவேட்டர் ஓட்டும் வண்டியில் பின்பக்க சீல் ஒன்று போனால், குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிவிடலாம். உள்ளே போன சேற்றுத் தண்ணீரை அப்படி எடுக்க முடியாது. பம்ப், வால்வு, பேரிங் எல்லாவற்றையும் அது தேய்த்துவிடும்.

இங்கே சொல்வது 15 முதல் 30 எச்.பி. வரையுள்ள சிறு டிராக்டர்களுக்கு: தென்னந்தோப்பிலும் வாழைக்கொல்லையிலும் கரும்புப் பாரிலும் ஓடி, நடவுக் காலத்தில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி வயலில் இறங்கும் வண்டிகள். போல்ட் இடமும் ஆயில் அளவும் மாடலுக்கு மாடல் மாறும். அந்த இடங்களில் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளதே சரி.

ஆயில் போகும் பாதை

பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆயில் பிரேக், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், ஒரே ஹவுசிங். அடியில் உள்ள சல்லடை வழியாகப் பம்ப் ஆயிலை உறிஞ்சும். பம்பிலிருந்து டெலிவரி பைப்பில் கன்ட்ரோல் வால்வுக்குப் போகும், வழியில் பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதையும் தொட்டுக்கொண்டு. வால்விலிருந்து லிஃப்ட் சிலிண்டருக்கு. மிச்சம் திரும்ப ஹவுசிங்குக்கே.

இதில் மூன்று பகுதி இருக்கிறது, மூன்றும் மூன்று விதமாகக் கெடும். பம்புக்கு முன்னால் உள்ளது உறிஞ்சும் பகுதி. அங்கே இணைப்பு தளர்ந்தால் ஆயில் ஒழுகுவதற்கு முன்பே காற்றை இழுக்கும். பம்ப் ஓலமிடும், டிப் ஸ்டிக்கில் நுரை தெரியும், லிஃப்ட் திக்கித் திக்கி ஏறும். பம்புக்குப் பின்னால் உள்ளது அழுத்தப் பகுதி. அங்கே அழுத்தம் சாதாரணமாக 140 முதல் 200 பார் வரை போகும். எஞ்சின் ஓடும்போது பீச்சும், நிறுத்தினால் அடங்கும். மூன்றாவது ஹவுசிங்கைச் சுற்றியுள்ள சீல்களும் கேஸ்கட்டுகளும். அங்கே அழுத்தமே கிடையாது, ஆனால் வண்டி நின்ற பிறகும் இரவெல்லாம் சொட்டும்.

கை வைப்பதற்கு முன்

அழுத்தத்தில் உள்ள பைப்பை ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்த மாதிரி சின்னப் புள்ளிதான் இருக்கும், வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே போக வேண்டும். "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் கைக்குள் ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். வெறும் குத்துக்காயம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால் நேரம் போய்விடும்.

கசிவைத் தேட அட்டைப் பெட்டியின் ஒரு துண்டு போதும். பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி அட்டையை நகர்த்துங்கள். எங்கே நனைகிறதோ அதற்கு நேரே துளை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிஃப்ட் லீவரை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டி, டிப்பர் வால்வு இருந்தால் அதையும் ஆட்டி, அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் புகவே கூடாது. வேறு வழியில்லை என்றால் லிஃப்ட் ஆர்முக்குக் கீழே தடித்த மரக்கட்டை கொடுத்த பிறகுதான். செங்கல் வேண்டாம், அது பிளந்துவிடும்.

கழுவி, துடைத்து, பவுடர் போட்டு

சொட்டு விழும் இடம் ஒழுகும் இடம் அல்ல. மேலே டாப் கவரில் கசியும் ஆயில் ஹவுசிங் விளிம்பில் வழிந்து, ஒரு போல்ட் தலையில் சேர்ந்து, அங்கிருந்து சொட்டும். அந்த போல்ட்டைப் போட்டு இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய.

காய்ந்த சேற்றை மரக்குச்சியால் சுரண்டுங்கள். பிறகு டீசல் தொட்ட பிரஷ்ஷால் பின் ஹவுசிங், பம்ப், பைப் இணைப்புகள், பி.டி.ஓ. (ரொட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) சுற்று, ஆக்ஸில் முனைகள் எல்லாவற்றையும் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரமில்லாமல் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டால் சேறு சீக்கிரம் போகும். ஆனால் ப்ரீதர் (ஹவுசிங் காற்று விடும் தொப்பி), சீல் விளிம்பு, டிப் ஸ்டிக் வாய், கியர் லீவர் ரப்பர் இவற்றின் மேல் அந்த வேகத் தண்ணீரைக் காட்டக்கூடாது. நல்ல சீலையும் தாண்டி உள்ளே போகும்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, முன் சக்கரம், பின் சக்கரம் எங்கே என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திய நிலையில் பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் சூடானதும் லிஃப்ட்டை இருபது முறை ஏற்றி இறக்குங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பவுடரில் முதலில் நனையும் கோட்டின் மேல் முனைதான் ஒழுகும் இடம்.

விழுந்தது எந்த ஆயில் என்பதையும் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் ஆயில் தேன் நிறத்தில், தொட்டால் லேசாக இருக்கும். எஞ்சின் ஆயில் கறுப்பு, கருகிய வாடை அடிக்கும். டீசலை வாடையே சொல்லிவிடும்.

சொட்டு எப்போது விழுகிறது

எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால் டெலிவரி பைப், ஹோஸ், வால்வு. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது மட்டும் என்றால் ஸ்டீயரிங் சிலிண்டர் ராடு சீல் அல்லது அதன் ஹோஸ்கள். கருவியைத் தூக்கும்போது மட்டும் என்றால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இணைப்பு, அல்லது லிஃப்ட் கவரில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங். இரவு நின்றபோது என்றால் ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள பி.டி.ஓ. சீல், ஆக்ஸில் சீல், ட்ரெயின் பிளக், ஃபில்டர் வாஷர். டிப்பர் டிரெய்லர் மாட்டியபோது மட்டும் என்றால் அதன் ஹோஸைச் செருகும் குயிக் கப்ளர். அதன் உள்ளே உள்ள ஓ-ரிங்கில் மணல் அடைந்திருக்கும். கப்ளரைக் கழற்றியவுடன் மூடி போடும் பழக்கம் இல்லாத வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

சூடான பிறகு எல்லாப் பக்கமும் லேசாக வியர்த்த மாதிரி ஆயில் தெரிந்தால் எந்த சீலையும் கழற்றாதீர்கள். முதலில் ப்ரீதரைப் பாருங்கள்.

ப்ரீதர்

ஹவுசிங்கின் மேல் பக்கம், சில வண்டிகளில் நிரப்பும் மூடியிலேயே, சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். ஆயில் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற அதுதான் வழி. சேறு காய்ந்து அதை அடைத்துவிட்டால், காற்று பலவீனமான சீலின் உதட்டைத் தள்ளி ஆயிலோடு வெளியே வரும். அதற்கு மறுபக்கமும் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஓடிய வண்டியை மதியச் சாப்பாட்டுக்கு வயல் தண்ணீரிலேயே நிறுத்திவிட்டுப் போனால், ஹவுசிங் குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ப்ரீதர் அடைத்திருந்தால் தண்ணீருக்குள் நிற்கும் சீல் வழியாகவே உறிஞ்சும். பல வண்டிகளில் ஆயில் பால் நிறமாவது இப்படித்தான்.

ப்ரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று தடையில்லாமல் போக வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் போட்ட புது சீல் ஒரு போகம்கூட வராது. மதியம் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கு அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும்.

ஹோஸ், இரும்புப் பைப், பேஞ்சோ போல்ட்

இணைப்பில் கசிவு என்றால் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம், எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு முறை. ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸே முறுக்கிக்கொள்ளும். நிற்கவில்லை என்றால் கழற்றுங்கள். மேலும் மேலும் இறுக்கினால் கூம்பு முகம் விரிசல் விடும், பிறகு ஃபிட்டிங்கையே மாற்ற வேண்டியதுதான்.

பேஞ்சோ போல்ட் என்பது ஆயில் தன் வழியே போகும்படி நடுவே துளையுள்ள போல்ட். அது பிடிக்கும் பைப் முனையின் இரண்டு பக்கமும் வாஷர் இருக்கும். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியதும் கெட்டிப்பட்டுவிடும், அதே வாஷரை மறுபடி போட்டால் பிடிக்காது. புதிது இரண்டும் மாற்றுங்கள். வயலில் அவசரம் என்றால் பழையதைச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மறுபடி மெதுவாகும். இரண்டு முகத்தையும் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்திப் போட்டு, வேலையை முடித்துக்கொண்டு வரலாம்.

டெஃப்லான் டேப் இங்கே வேண்டாம். ஹைட்ராலிக்கில் பெரும்பாலான இணைப்புகளில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, கூம்பு முகமோ ஓ-ரிங்கோ வாஷரோதான். டேப் சுற்றினால் அதன் பிசிறு உடைந்து, வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலில் போய் மாட்டும். லிஃப்ட் ஏறாமல் நின்றுவிடும். ஹோஸிலும் பைப்பிலும் எம்-சீல் அப்புவதும் அப்படித்தான். 150 பார் அழுத்தத்துக்கு முன் அது வெறும் களிமண்.

ஹோஸில் வெடிப்பு, உப்பல், கம்பி வெளியே தெரிவது, பிரஸ் செய்த கழுத்தில் ஈரம், இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும். ஒட்டுப் போடும் வேலை கிடையாது. நெல் அறுவடை இயந்திரமும் பொக்லைனும் ஓடும் ஊர்களில் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடை இருக்கும். பழைய ஹோஸை முழுசாகக் கொண்டு போங்கள். இரட்டைக் கம்பி வலை உள்ள 2எஸ்என் ரகம் கேளுங்கள். கால் அங்குலத்தில் 400 பார், 3/8 அங்குலத்தில் 330 பார், அரை அங்குலத்தில் 275 பார் வரை அது வேலை செய்யும். ஒற்றை வலை உள்ள 1எஸ்என் அரை அங்குலத்தில் 160 பார்தான். டெலிவரி பக்கம் அதைப் போட்டால் போதாது.

மரை ஏறிவிட்டது என்பதால் ஃபிட்டிங் பொருந்திவிட்டதாக நினைக்காதீர்கள். மரை ஒன்றாக இருந்து கூம்பின் சரிவு வேறாக இருந்தால், கையால் போடும்போது சுகமாக ஏறும், சூடானதும் ஒழுகும். பழைய ஃபிட்டிங்கின் முகத்தோடு புதியதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பிரஸ் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் சுருங்கும், ஆகவே இழுத்துக் கட்டிய மாதிரி நீளம் எடுக்கக்கூடாது. அரை அங்குல 2எஸ்என் ஹோஸை 18 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கவும் கூடாது. மேலே அச்சடித்த கோடு நேராக ஓடினால் ஹோஸ் முறுக்கவில்லை என்று அர்த்தம்.

இரும்புப் பைப்பில் கோளாறு பெரும்பாலும் கிளாம்ப்புக்கு அடியில். அங்கே சேறு தங்கி ஈரம் காயாமல் துரு தின்னும். வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக் காற்றில் இன்னும் வேகம். கிளாம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் பைப் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பித்தளை வைத்துப் பற்றவைத்தால் சில நாள் ஓடும், அதிர்வில் பக்கத்திலேயே விரியும். அதே கனத்தில் தையலில்லாத பைப் வளைத்துப் போடுவதுதான் சரி. கிளாம்ப் இடத்தில் ரப்பர் துண்டு வையுங்கள்.

பி.டி.ஓ. சீல்

சேற்றுழவு வண்டியில் அதிகம் போவது இதுதான். வைக்கோல், நைலான் கயிறு, வரப்பில் கிடந்த வலை நூல், பிளாஸ்டிக் பை எல்லாம் ரொட்டவேட்டர் ஷாஃப்ட்டோடு சுற்றிக்கொண்டு சீல் விளிம்பு வரை ஏறும். நிமிடத்துக்கு 540 சுற்றில் நைலான் உருகி, கத்தி மாதிரி சீலின் உதட்டை அறுக்கும். உழவு முடிந்த அன்றே அந்த இடத்தைக் கையால் துழாவிச் சுத்தம் செய்கிறவர் வண்டியில் சீல் நெடுநாள் வரும்.

ரொட்டவேட்டரைக் கழற்றி, பி.டி.ஓ. காப்புத் தகட்டை எடுத்துவிட்டு, முதலில் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று ஆடினால் போனது பேரிங். அதை மாற்றாமல் சீல் போட்டால் ஓரிரு நாளில் மறுபடி ஒழுகும். ஆட்டமில்லை என்றால் சீல் மட்டும் போதும்.

ஆயிலை வடிக்க வேண்டும். ஒரே ஹவுசிங் என்றால் மாடலைப் பொறுத்து 12 முதல் 25 லிட்டர் வரை வரும், அதற்குத் தக்க சுத்தமான பாத்திரம் வையுங்கள். ஆயில் நல்ல நிறத்தில் இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றலாம். பால் நிறம் என்றால் அதோடு முடிந்தது.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரிலோ குச்சியில் கோடு போட்டோ குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் புது சீலை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் இருக்கையில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே புது சீலும் ஒழுகும். சீலின் தகட்டு முகத்தில் எதிரெதிராக இரண்டு சின்ன ஸ்க்ரூவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி, பிளையரால் மாற்றி மாற்றி இழுங்கள். ஆழமாக ஏற்றினால் பின்னால் உள்ள பேரிங்கைத் தொடும்.

சீலின் மேல் எண் இருக்கும். 35-62-10 என்றால் ஷாஃப்ட் 35 மி.மீ., வெளிவட்டம் 62, தடிமன் 10. இரட்டை உதடுள்ள டி.சி. (TC) ரகம் வாங்குங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு ஆயிலைத் தடுக்க, வெளி உதடு மண்ணைத் தடுக்க. உங்கள் மாடலுக்கு, சேற்று வயலுக்கென்றே செய்த கேசட் சீல் கிடைத்தால் விலை கூடினாலும் அதைப் போடுங்கள்.

சீல் ஓடிய இடத்தில் ஷாஃப்ட்டை நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. லேசான துரு என்றால் 600 நம்பர் உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, ஷாஃப்ட்டைச் சுற்றித் தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்க்காதீர்கள், ஆயில் வெளியேற வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். பள்ளம் ஆழம் என்றால் புது சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ நிறுத்துங்கள். இடமில்லை என்றால் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

இனி சீலை ஏற்றும் கட்டம். பலர் தவறுவது இங்கேதான். பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் பற்கள் கூர்மையானவை. சீலை அப்படியே தள்ளினால் உதடு அறுந்து, போட்ட அன்றே ஒழுகும். ஒரு பால் பாக்கெட்டை வெட்டி, கழுவித் துடைத்து, பற்களின் மேல் இறுகச் சுற்றுங்கள். அதன் மேல் ஆயில் தடவி, ஸ்பிரிங் பக்கம் உள்ளே பார்க்கும்படி சீலை வழுக்கிக்கொண்டு போய், தாண்டியதும் பாக்கெட்டை உருவி எடுத்துவிடுங்கள். இரண்டு உதடுகளுக்கும் நடுவே கிரீஸ் நிரப்பியிருக்க வேண்டும். பிறகு சீலின் வெளி அளவுக்கு ஒரு நூல் குறைவான பி.வி.சி. பைப் துண்டை, முனை கோணாமல் வெட்டி வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி, குறித்துவைத்த ஆழம் வரும் வரை இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்து போனால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். சுத்தியலால் நேராக அடித்து நிமிர்த்திய சீல் வளைந்த சீல்தான்.

ஆக்ஸில் சீல், லிஃப்ட் ஷாஃப்ட்

கேஜ் வீல் பாரம் பின் ஆக்ஸிலின் வெளிமுனையில் விழுவதால் பேரிங் தளர்ந்து சீல் போகும். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்தால் அடையாளம். முறை பி.டி.ஓ. சீல் மாதிரியேதான். ஆனால் சக்கரத்தைக் கழற்றி ஹவுசிங்கை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பிச் செய்யக்கூடாது. உலர் பிரேக் உள்ள வண்டியில் லைனிங்கில் ஆயில் பட்டிருந்தால் லைனிங்கையும் மாற்றுங்கள்.

லிஃப்ட் ஆர்ம் தண்டின் இரண்டு முனையிலும் ஓ-ரிங் அல்லது சீல் இருக்கும். ஆர்மைக் கழற்றுமுன் தண்டிலும் ஆர்மிலும் நேருக்கு நேர் பஞ்ச் புள்ளி வையுங்கள். ஒரு பல் மாறிப் போட்டாலும் இரண்டு ஆர்மும் ஒரே உயரத்தில் நிற்காது.

ஓ-ரிங் வாங்கும்போது பழையதை வைத்து அளவெடுக்காதீர்கள், அது ஊறி உப்பியோ நசுங்கியோ இருக்கும். பள்ளத்தின் அளவைக் கொடுங்கள். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பிரேக் கிட்டில் வரும் ஓ-ரிங் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இந்த ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

வெளியே சொட்டே இல்லை, ஆனால் கோளாறு

ஆயில் மட்டம் குறையவில்லை, தூக்கிய ரொட்டவேட்டர் மட்டும் தானாக இறங்குகிறது, எஞ்சின் ஓடும்போது லிஃப்ட் விக்கல் எடுப்பதுபோல் குதிக்கிறது என்றால் கசிவு உள்ளேயே. சிமெண்ட் தரையில், ஆயில் சூடான நிலையில், கருவியைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். கீழ் லிங்க் முனையிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டினால் அடுத்த சோதனை.

சீட்டுக்கு முன்னாலோ அடியிலோ, இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று இருக்கும். பல மாடல்களில் அது கன்ட்ரோல் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிறது. கருவியைத் தூக்கிய நிலையில் அதை முழுதாக மூடுங்கள். இறங்குவது நின்றுவிட்டால் கோளாறு கன்ட்ரோல் வால்வில். மூடியும் இறங்கினால் சிலிண்டர் பிஸ்டனின் ஓ-ரிங், இல்லாவிட்டால் சிலிண்டரின் சேஃப்டி வால்வு. ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் இவ்வளவும் தெரிந்துவிடும். இதைச் செய்யாமலே டாப் கவரைக் கழற்றுகிற பட்டறைகள் உண்டு.

பிஸ்டனில் ஓ-ரிங்கோடு டெஃப்லான் பேக்கப் ரிங் ஒன்று இருக்கும். ஆயில் அழுத்தம் வரும் பக்கம் ஓ-ரிங், அதற்கு முதுகு கொடுத்தாற்போலப் பின்னால் பேக்கப் ரிங். மாற்றிப் போட்டால் ஓ-ரிங் இடுக்கில் பிதுங்கி அறுந்துவிடும். பேக்கப் ரிங்கை வெந்நீரில் போட்டு எடுத்தால் விரிந்து சுலபமாக ஏறும். பிஸ்டனை வெளியேற்ற கம்ப்ரெசர் காற்றைக் கொடுக்காதீர்கள், துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். கன்ட்ரோல் வால்வு ஸ்பூல் தேய்ந்திருந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பூலும் உடலும் ஜோடியாகப் பொருத்தியவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஹைட்ராலிக் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் எஞ்சின் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பம்ப் எஞ்சினோடு பொருத்திய வண்டிகளில் பம்ப் ஷாஃப்ட் சீல் போனால் ஆயில் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அப்போதே வண்டியை நிறுத்துங்கள். சீல் மாற்றி, எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதில் கறுப்பாக வந்தால் எஞ்சின் பின் சீல், தேன் நிறத்தில் வந்தால் கியர்பாக்ஸ் முன் சீல். இரண்டுக்கும் வண்டியைப் பிளக்க வேண்டும், பட்டறை வேலை. அந்தத் துளைக்கு ஒரு பிளக் கொடுத்திருப்பார்கள். சேற்றில் இறங்கும் முன் அதை மாட்ட வேண்டும், புழுதி உழவுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அந்த பிளக் டூல் பாக்ஸிலேயே புதுசாகக் கிடக்கும்.

ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால்

கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஓர் இரவு வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். உடனே தெரிய வேண்டும் என்றால் பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு சொட்டு விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை இரவு முழுதும் அசைக்காமல் நிறுத்தி, காலையில் ட்ரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். பிறகு முழு ஆயிலையும் வடித்து, சல்லடையைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, அதே ரகப் புது ஆயிலைக் குறைந்தபட்ச மட்டத்துக்கு ஊற்றி, லேசான வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி அதையும் வடியுங்கள். டீசல் ஊற்றி அலசுவது மலிவுதான். ஆனால் மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும், பம்புக்கும் நல்லதல்ல.

வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள், கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். தரையில் சிந்தியதற்கு உமி போதும். ஒரு கூடை கொட்டி, அரை மணி கழித்து வாரி எடுத்தால் தரை காய்ந்திருக்கும்.

ஊற்றி, காற்றெடுத்து, சோதித்து

ஆயில் பிரேக் உள்ள வண்டிக்கு யு.டி.டி.ஓ. (UTTO) என்று குறித்த, கியர், பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயில்தான். வேறு ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினால் லிஃப்ட் ஏறும், பிரேக் கீச்சிடும். கவர்களுக்கு கேஸ்கட் உண்டென்றால் கேஸ்கட். சிலிகான் பேஸ்ட் போடச் சொல்லியிருந்தால் நூல் கனத்துக்கு ஒரே கோடு. தாராளமாகப் பூசியது உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, சல்லடையை அடைக்கும். பேஸ்ட் முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். வார்ப்பில் ஏறும் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். கையேட்டில் அளவு இல்லாவிட்டால் 8.8 ரக எம்8 போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டரும், எம்10க்கு 48ம் ஒட்டிய அளவு.

லிஃப்ட்டை இறக்கிய நிலையில் டிப் ஸ்டிக் மேல் கோடு வரை ஊற்றி, எஞ்சினை ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் விடுங்கள். கருவி இல்லாமல் லிஃப்ட்டை ஆறேழு முறை ஏற்றி இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்புங்கள். பம்ப் சத்தம் அடங்கி நுரை கரைந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மட்டம் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். சத்தம் அடங்கவே இல்லை என்றால் உறிஞ்சும் பைப்பின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸ் அப்பிப் பாருங்கள். எதை அப்பும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று போகிறது.

பிறகு ரொட்டவேட்டர் மாட்டி, மறுபடி பவுடர் தூவி, அரை மணி ஓட்டிப் பாருங்கள். இரவு செய்தித்தாளின் மேல் நிறுத்துங்கள். வேலை பார்த்த இணைப்புகளைப் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த வேலைக்கு நல்ல நேரம் சித்திரை, வைகாசி. உளுந்து எடுத்த கொல்லை காய்ந்து கிடக்கும், பட்டறையில் கூட்டம் இருக்காது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குப் பிறகு அதே சீலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். டூல் பாக்ஸில் பி.டி.ஓ. சீல் ஒன்று, பேஞ்சோ வாஷர் நாலு, கிளட்ச் ஹவுசிங் பிளக், இந்த மூன்றையும் அப்போதே போட்டு வையுங்கள்.